அளவோடு ஆடினால் ஆகுமா?

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003-ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. நம் களியக்காவிளைக்கு அந்தத் தடை எத்தனை தூரம்? எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனால் கேரள அரசின் சீட்டு கிடைக்கிறது. “வாரம் ஒரு சீட்டுத்தான் உஸ்தாதே, வீட்டுச் செலவில் கைவைப்பதில்லை, பணமும் ஏழை நோயாளிக்குத்தானே போகிறது?” என்று தொழுகையாளிகளே கேட்கிறார்கள். சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியன்று.

கேரள லாட்டரி 1967-ல் தொடங்கியது. அதைக் கொண்டுவந்த நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு முஸ்லிம்தானே என்பாரும் உண்டு. அமைச்சர் செய்தது மார்க்கச் சட்டமாகாது. 2011-ல் வந்த காருண்யா சீட்டின் வருவாய் ஏழைகளின் சிகிச்சைக்கு உதவியது உண்மையே.

ஆனால் அறியாமைக் கால அரபிகளின் ‘மைஸிர்’ சூதும் அப்படித்தான் இருந்தது! ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, பத்து அம்புகளைப் பையிலிட்டு உருவுவார்கள். ஏழு அம்புக்குப் பங்குண்டு, மூன்று வெற்றம்பு. வெற்றம்பு வந்தவர் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவரோ இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்குவதைப் பெருமையாகக் கருதினர். பசித்த வயிறுகள் நிறைந்தன. அந்தப் பயனை மறுக்காமலே, பாவம் பயனைவிடப் பெரிது என்றது அல்குர்ஆன் (2:219). பின்னர் 5:90-ல் முற்றாக விலக்கியது. தர்மத்துக்குப் போகிறது என்பது, எடைபோட்டுத் தள்ளப்பட்ட பழைய வாதம்.

‘அளவோடு’ என்கிறார்களே, காஸினோக்காரர்களே இன்று ‘பொறுப்போடு விளையாடுங்கள்’ என்று எழுதி வைக்கிறார்கள். அவர்களுக்கென்ன நஷ்டம்? ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். 37 பேர் ஆளுக்கு 100 ரூபாய் வீதம் ஆளுக்கோர் எண்ணில் வைத்தால் 3,700 சேரும்; வென்றவனுக்குப் போவது 3,600. மிச்சம் கடைக்காரனுக்கு, ஒவ்வொரு சுற்றிலும். நிதானமாக ஆடுகிறவன் நிதானமாக இழக்கிறான், அவ்வளவே. லாட்டரியில் இந்த வெட்டு இன்னும் பெரிது.

சதகா கொடுப்பவன் திரும்பாது என்றறிந்து கொடுக்கிறான். சீட்டு வாங்குகிறவன் மற்ற லட்சம் பேருக்கு விழாமல் தனக்கே விழவேண்டுமென்று கொடுக்கிறான். நோயாளி மீது இரக்கமென்றால் அந்தக் காசை ஆஸ்பத்திரி வாசலில் கொடுக்க யார் தடுத்தார்கள்?

சீட்டு விற்றே வயிறு கழுவும் ஊனமுற்றவர்களிடம், முதியவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை. ஹராம் என்று மட்டும் சொல்லிவிட்டு மஹல்லா ஜமாஅத் ஒதுங்கிவிடக் கூடாது. ஜகாத் நிதியில் ஒரு பெட்டிக்கடையாவது வைத்துக் கொடுக்க வேண்டும்.

விழுந்த பரிசைப் பள்ளிவாசல் கட்டக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். உரியவரிடம் திருப்ப வழியில்லாத பணம் அது. நன்மையை எதிர்பாராமல் ஏழைகளிடம் சேர்த்துவிட்டுத் தவ்பாச் செய்வதே ஃபிக்ஹு அறிஞர்கள் காட்டும் வழி.