ஆலம்விதையில் ஒளிந்திருக்கும் மரம்

கிராமப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இந்தக் குழந்தைகளுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை, அதை எப்படி ஊட்டுவது?”

ஆர்வம் வெளியிலிருந்து ஊட்டப்படும் பொருள் அன்று. அறிவு ஆன்மாவின் இயல்பு என்கிறது நமது வேதாந்தம். அது எல்லாக் குழந்தைகளிடமும் உள்ளது, ஆனால் மூடப்பட்டிருக்கிறது. அந்தத் திரையை விலக்குவதே ஆசிரியரின் பணி.

அந்தத் திரை எது? “எனக்குப் படிப்பு வராது” என்ற எண்ணமே அது. ஓர் உழவரின் மகனுக்கு மண்ணின் ஈரம் தெரியும். மழை வரும் திசை தெரியும். மாட்டின் நோய் தெரியும். பள்ளியிலோ இவற்றில் ஒன்றையும் யாரும் அவனிடம் கேட்பதில்லை. அவன் அறியாதவையே நாள்தோறும் கேட்கப்படுகின்றன. காலப்போக்கில் தான் அறிவற்றவன் என்று அவனே நம்பிவிடுகிறான். பள்ளிப் பதிவேட்டிலிருந்து அவன் பெயர் நீக்கப்படும் நாள் பிறகுதான் வருகிறது. அவன் உள்ளம் அதற்கு வெகு முன்பே வெளியேறிவிடுகிறது. இது எத்தகைய இழப்பு!

பிரம்பு இந்தத் திரையை விலக்காது. அது குழந்தையை அமரவைக்குமே தவிரச் சிந்திக்க வைக்காது. பரிசுகளும் ஓரளவே உதவும். அவை முதல் மூவரை மகிழ்விக்கும். ஏனையோரை மேலும் சோர்வடையச் செய்யும். வேண்டுவது சிரத்தை, அதாவது தன்னிடமும் உண்மையிடமும் கொள்ளும் அசையாத நம்பிக்கை. அதை எழுப்பும் வழியைச் சாந்தோக்கிய உபநிஷதம் அழகாகக் காட்டுகிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் குருகுலத்தில் பயின்று, கற்றவன் என்ற செருக்குடன் திரும்பினான் சுவேதகேது. தந்தையான உத்தாலகர் அவனுக்கு நீண்ட விரிவுரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஓர் ஆலம்பழத்தைக் கொண்டுவரச் சொன்னார், உடைக்கச் சொன்னார், உள்ளிருந்த நுண்ணிய விதை ஒன்றையும் உடைக்கச் சொன்னார். என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றான் மகன். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்பொருளிலிருந்தே இந்தப் பெரிய மரம் நிற்கிறது என்று விளக்கி, ‘சிரத்தை கொள்’ என்றார். மற்றொரு நாள் உப்பை நீரில் கரைக்கச் செய்து, மேலும் நடுவிலும் அடியிலும் பருகிப் பார்க்கச் சொன்னார். பழமும் உப்பும் நீருமே அவர் பயன்படுத்திய கருவிகள். மகனின் கைகளும் நாவும் கற்றன. பிறகே தத்துவம் வந்தது.

நம் காலத்திலும் இவ்வழி பலன் தந்திருக்கிறது. இன்று நர்மதாபுரம் எனப்படும் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-இல் 16 பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த ஃபிரெண்ட்ஸ் கிராம மையம் ஆகிய அமைப்புகள் அதனை முன்னின்று நடத்தின. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகள் விடைகளை மனப்பாடம் செய்யவில்லை. சோதித்தார்கள், பதிவு செய்தார்கள், விவாதித்தார்கள். மலரைப் பிரித்துப் பார்க்கக் கருவேல முள்ளே ஊசியாயிற்று. தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்க அனுமதி இருந்தது. ஏனெனில் சோதிக்கப்பட்டது நினைவாற்றல் அன்று, சிந்தனை. ‘சவாலிராம்’ என்ற கற்பனைப் பாத்திரத்துக்குக் குழந்தைகள் தங்கள் கேள்விகளைக் கடிதமாக எழுதினர், பதில்களும் வந்தன. தன் கேள்விக்கு ஒருவர் மதிப்பளித்துப் பதில் எழுதுகிறார் என்பதே ஒரு சிறுவனை நிமிர்ந்து நிற்கச் செய்யும் அல்லவா? பல மாவட்டங்களுக்குப் பரவிய அத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்திவிட்டது. ஆயினும் அது காட்டிய வழி மறையவில்லை.

பள்ளிக்கே வர இயலாத குழந்தைகளுக்கு என்ன செய்வது? ஏழைச் சிறுவன் கல்வியைத் தேடி வர முடியாவிட்டால், கல்விதான் அவனைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற கருத்தைச் சுவாமி விவேகானந்தர் 1894-இல் மைசூர் மகாராஜாவுக்கு எழுதிய கடிதத்தில் வலியுறுத்தினார். ராஜஸ்தானின் திலோனியாவைச் சுற்றியுள்ள கிராமங்களில், பகலில் ஆடுமாடு மேய்க்கும் குழந்தைகளுக்காக இரவுப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அந்தக் குழந்தைகள் வாக்களித்துத் தங்களுக்கென ஒரு நாடாளுமன்றத்தையே அமைத்தனர். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று கவனிப்பது அதன் பொறுப்புகளுள் ஒன்று. பொறுப்பை ஒப்படைப்பது நம்பிக்கையை ஒப்படைப்பதாகும். சத்தியகாமனிடம் நானூறு மெலிந்த பசுக்களை ஒப்படைத்தபோது கௌதம முனிவர் செய்ததும் இதுவே. ஆயிரமாகப் பெருகிய மந்தையுடன் அவன் திரும்பியபோது, அவன் முகத்தில் பிரம்மஞானத்தின் ஒளி வீசியது.

ஆசிரிய அன்பர்களே, இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி வையுங்கள். விடை தெரியாத கேள்வி வந்தால் குழந்தைகளுடன் சேர்ந்து தேடுங்கள். வாரம் ஒருமுறை மரத்தடியிலோ வயல்வரப்பிலோ பாடம் நடத்துங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஊரின் வரலாற்றைக் குழந்தைகளே எழுதட்டும். குயவரும் தச்சரும் ஒருநாள் வகுப்புக்கு வந்து கற்பிக்கட்டும். தன் தந்தையை ஆசானாகக் காணும் குழந்தை தன்னை ஒருபோதும் தாழ்வாக எண்ணாது. கடைசி வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கும் குழந்தைக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். மழையளவைக் குறிப்பதோ செடிகளைக் காப்பதோ எதுவானாலும் சரி.

ஆனால் பக்தியில்லாத பூஜை வெறும் சடங்காவது போல, சிரத்தையில்லாத உத்திகளும் வெறும் வேடிக்கையாகிவிடும். முதலில் ஆசிரியருக்குக் குழந்தையிடம் சிரத்தை வேண்டும். ஆலம்விதையை உடைத்துப் பார்த்தபோது சுவேதகேதுவின் கண்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. உத்தாலகரோ அங்கே முழு மரத்தையும் கண்டார். நாளை காலை வகுப்பறையில் நுழையும்போது, நம் முன் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு குழந்தையையும் அந்தக் கண்களால் காணும் பேற்றை இறைவன் நமக்கு அருள்வாராக!