மூன்று கை நீர், மூன்று கை மண்

தை அமாவாசையன்று இராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் கிழக்கு வெளுப்பதற்கு முன்பே உட்கார இடம் கிடைக்காது. ஈரவேட்டியோடு வரிசை வரிசையாக ஆட்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வாழையிலை, எள், தர்ப்பை, பச்சரிசி மாவில் பிடித்த பிண்டம். புரோகிதர் கேட்டுக்கொண்டே வருகிறார். "கோத்திரம்?" தெரியாது என்பவருக்குச் "சிவ கோத்திரம்" என்று தானே சொல்லிக்கொண்டு மேலே போகிறார். "அப்பா பேரு?" சட்டென்று வருகிறது. "தாத்தா?" அதுவும் வந்துவிடுகிறது. "தாத்தாவுக்கு அப்பா?" இங்கேதான் பலருக்கும் நாக்கு நின்றுபோகிறது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்து, ஊரிலிருக்கும் வயதான அத்தையைக் கூப்பிட்டுக் கேட்பவர்களும் உண்டு.

பெயர் கிடைத்ததும் உள்ளங்கையில் எள். அதன் மேல் நீர். அந்த நீர் எந்த வழியாக இறங்க வேண்டும் என்பதற்கும் முறை இருக்கிறது. தெய்வத்துக்கு விடும் நீர் விரல் நுனி வழியாகப் போகும். இறந்தவருக்கு விடுவது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழிய வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று முறை.

அதே தீவில், சில கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது பேக்கரும்பு. 2015 ஜூலை 30 அன்று இந்தத் தீவின் மகன் அப்துல் கலாம் அங்கே நல்லடக்கம் செய்யப்பட்டார். முப்படைகளின் மரியாதையும் பிரதமரின் வருகையும் ஒருபுறம் இருக்க, ஓர் எளிய மீனவருக்கு நடக்கும் அதே ஜனாஸா தொழுகைதான் அவருக்கும் நடந்தது. முஸ்லிம்கள் மய்யித்தை, அதாவது இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணியில் பொதிந்து, கபருக்குள் மக்காவின் திசையான கிப்லாவை நோக்கிக் கிடத்துகிறார்கள். பிறகு சுற்றி நிற்பவர்கள் குனிந்து மண்ணை அள்ளிப் போடுகிறார்கள். மூன்று கைப்பிடி.

தீவின் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் வாழும் கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய நாட்களிலேயே புல்லைச் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, பூ வாங்கி வைத்துவிடுவார்கள். மாலையில் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்திகள். கடல்காற்றில் அணைய அணைய மறுபடி மறுபடி ஏற்றுகிறார்கள்.

பாம்பன் பாலத்தைக் கடந்து வருகிற எந்த யாத்திரிகரும் இந்த இடங்களையெல்லாம் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட முடியும். நல்ல மனத்தோடு சொல்லப்படும் வார்த்தைதான் அது. ஆனால் உண்மையா?

படித்தவர்கள் இதற்காக நெடுங்காலமாக மல்லுக்கு நிற்கிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் முர்டாக், தெரிந்த சமூகங்கள் எல்லாவற்றிலும் காணப்படும் வழக்கங்கள் என்று 1945இல் ஒரு பட்டியல் போட்டார். சவச் சடங்கும் துக்கம் காப்பதும் அதில் உண்டு. 1991இல் டொனால்ட் பிரவுன் அந்த வழியிலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இந்தப் பட்டியல் போக்குக்குக் கடுமையான மறுப்பு இன்னொரு மானிடவியலாளரான கிளிஃபர்ட் கீர்ட்ஸிடமிருந்து வந்தது. எல்லாருக்கும் பொருந்தும்படி ஒரு சொல்லை அகலப்படுத்திக்கொண்டே போனால், கடைசியில் அது யாரைப் பற்றியும் எதையும் சொல்லாத சொல்லாகிவிடும் என்பது அவர் வாதம். அக்னி தீர்த்தத்தையும் பேக்கரும்பையும் "சவச் சடங்கு" என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடினால், கட்டைவிரல் ஓரமாக வழிகிற அந்த நீர் எங்கே போயிற்று?

இரு தரப்பையும் தள்ளிவிட முடியவில்லை. கென்யக் கடலோரத்துக்கு அருகே பங்கா யா சைதி என்ற குகையில் சுமார் 3 வயதுக் குழந்தையின் எலும்புகள் கிடைத்தன. ஆய்வு முடிவு 2021இல் வெளியானது. 78,000 ஆண்டுகளுக்கு முன் குழி தோண்டி, உடலைச் சுருட்டிக் கிடத்தி, இலையாலோ தோலாலோ இறுகச் சுற்றி, தலைக்கு அணை போல எதையோ வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தையின் தாய் என்ன மொழி பேசினாள், எதை வணங்கினாள் என்பது நமக்கு எட்டாது. ஆனால் செத்த பிள்ளையின் தலை தரையில் இடிக்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பைப் புரிந்துகொள்ள நமக்கு எந்த அகராதியும் தேவைப்படவில்லை.

வேற்றுமை எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு உலகம் அடிக்கடி எடுத்துச் சொல்லும் கதை ஒன்றில், வியப்பாக, இந்தியர்களும் வருகிறார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது. பாரசீகப் பேரரசன் டேரியஸ் தன் அவையிலிருந்த கிரேக்கர்களைக் கேட்டானாம்: எவ்வளவு பொருள் கொடுத்தால் உங்கள் தகப்பனின் சடலத்தைத் தின்பீர்கள்? எதைக் கொடுத்தாலும் முடியாது என்றார்கள். பிறகு, பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுள்ள கல்லாத்தியர் என்ற இந்தியக் கூட்டத்தாரைக் கூப்பிட்டு, எவ்வளவு கொடுத்தால் அவர்களை எரிப்பீர்கள் என்று கேட்டான். அவர்கள் அலறிவிட்டார்கள், அப்படிப்பட்ட பேச்சே வாயில் வரக் கூடாது என்றார்கள்.

அப்படி ஒரு கூட்டம் இருந்ததோ இல்லையோ, தூரத்து இந்தியாவைப் பற்றி ஹெரோடோட்டஸ் காதில் விழுந்த செய்திகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கதையின் கேள்வி மட்டும் கனமானது. ஒருவர் கடமை இன்னொருவருக்குப் பாதகம் என்று காட்டத்தான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு கூட்டத்தாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். என்ன விலை கொடுத்தாலும் அப்பாவை அவமதிக்க மாட்டோம் என்பதுதான் அந்தப் பதில். ஒற்றுமை அங்கே இருக்கிறது. ஆனால் அதை முறையிலிருந்து உரித்து எடுத்து, "உள்ளே இருப்பது ஒன்றுதானே, முறையை மாற்றிக்கொள்" என்றால் கிரேக்கரும் அலறுவார், கல்லாத்தியரும் அலறுவார்.

இது பழங்கதையில் மட்டும் நடப்பதல்ல. தனுஷ்கோடியிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய இலங்கையில், 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த அனைவரையும் எரித்தாக வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அப்படி இறந்தவர்களைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் உத்தரவு மாறவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையின் உடலும் அவற்றில் ஒன்று. பெற்றோர் கையெழுத்துப் போட மறுத்தும் எரித்தார்கள். கொழும்பு மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வெள்ளைத் துணிக் கீற்றுகளைக் கொண்டுவந்து கட்டினார்கள். கஃபன் கிடைக்காத பிள்ளைக்குக் கஃபன்.

2021 பிப்ரவரி இறுதியில்தான் புதைக்க அனுமதி வந்தது. முதலில் அதற்காக இரணைதீவைக் குறித்தார்கள். அந்தத் தீவின் தமிழ் மீனவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் கிழக்கே ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை முறைப்படி மன்னிப்புக் கேட்டது. உடல் உடல்தான், எப்படி அனுப்பினால் என்ன என்று நினைத்த ஓர் அரசு ஒரு சமூகத்தின் நெஞ்சில் போட்ட சூடு அது.

அக்கரையைச் சொல்லி முடித்துக்கொள்ள நமக்கு யோக்கியதை இல்லை. அதே 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யச் சென்னையில் கொண்டுபோனவர்களைக் கல்லால் அடித்தோம். அதற்கு முந்தைய ஆண்டு, வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழி மறிக்கப்பட்டதால், பட்டியலின மக்கள் இறந்தவரின் உடலைக் கயிற்றில் கட்டிப் பாலத்தின் மேலிருந்து கீழே இறக்கினார்கள். ஒரே மொழி, ஒரே சாமி. பண்பாடுகள் அடிப்படையிலேயே வேறுபட்டவையா என்று கடல் கடந்து ஆராய்வதற்கு முன்னால், இந்தப் பாலத்தடியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இங்கே வேற்றுமை பண்பாட்டால் வந்ததல்ல. செத்தவருக்கும் மரியாதை உண்டு என்ற பொதுவான ஒன்றை, சக மனிதருக்கு வேண்டுமென்றே மறுத்ததால் வந்தது.

இப்படித்தான் என்றும் இருந்தோமா என்றால், இல்லை. புகார் நகரத்து ஈமக்காட்டை மணிமேகலை விரிவாகக் காட்டுகிறது. உடலை எரிப்பவர், வெட்டவெளியில் விட்டுப்போகிறவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பவர், தாழியால் மூடுகிறவர் என ஐந்து வகையினர் ஒரே மயானத்துக்கு வருகிறார்கள். எது சரி என்ற கேள்வியே அங்கே எழவில்லை. டேரியஸ் ஐந்து பேரையும் கூப்பிட்டு விலை கேட்டிருந்தால் ஐந்து மறுப்புகள் கிடைத்திருக்கும். ஆனால் அவர்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் அழுதுகொண்டிருந்தார்கள்.

இராமநாதபுரம் கடற்கரைக்கு இந்த விஷயத்தில் இன்னொரு பாடமும் தெரியும். உடலே கிடைக்காத சாவு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் போனார்கள். கரை ஒதுங்காத உடல்கள் எத்தனையோ. இன்றும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. 7 ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவரை இறந்தவராகக் கருதச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை அந்த வீட்டுப் பெண் பொட்டு வைத்துக்கொள்வதா, அழிப்பதா? பதினாறாம் நாள் காரியத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

இங்கேதான் மூன்று மதங்களும் தத்தம் வழியில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. உடல் இல்லையென்றால் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்யலாம் என்கிறது இந்து சாஸ்திரம். நீரில் மூழ்கி இறந்தவரை ஷஹீதுகளோடு (உயிர்த்தியாகிகளோடு) சேர்த்து எண்ணுகிறது நபிமொழி. கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (சட்ட மரபில்), தொலைதூரத்தில் இறந்தவருக்கு உடல் எதிரில் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழலாம். ஹனஃபி மத்ஹபு அதை ஏற்பதில்லை. ஒரே மார்க்கத்துக்குள்ளும் எவ்வளவு நுணுக்கமான வேறுபாடு! கத்தோலிக்கர்கள் உடல் இல்லாமலே நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள்.

அழ ஆளே இல்லாத பிணத்துக்கு என்ன வழி? யாருமற்ற ஒரு முஸ்லிமின் மய்யித்து கரை ஒதுங்கினால் அதை அடக்கம் செய்வது பர்ளு கிஃபாயா, அதாவது கூட்டுக் கடமை. ஒருவரும் செய்யாவிட்டால் பாவம் ஊர் முழுவதையும் சேரும். மன்றாட ஆளில்லாத உத்தரிக்கும் ஆன்மாக்களுக்காகவும் கத்தோலிக்கர்கள் செபம் செய்கிறார்கள். தர்ப்பணத்தின் முடிவில், தர்ப்பை முடிச்சான கூர்ச்சத்தைப் பிரித்து அந்தத் தர்ப்பையோடு விடும் கடைசி நீர், தகப்பனோ பிள்ளையோ பங்காளியோ இல்லாமல் போனவர்களுக்கானது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டதல்ல இது. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மொழியில் வந்து சேர்ந்த இடம்.

அடுத்த முறை அக்னி தீர்த்தத்தில் உட்காரும்போது அந்தக் கடைசி நீரைக் கவனியுங்கள். அதற்குள் வெயில் ஏறியிருக்கும். அடுத்த ஆள் இடத்துக்குக் காத்திருப்பார். இருபத்திரண்டு தீர்த்தமாட வீட்டார் அவசரப்படுத்துவார்கள். புரோகிதரும் மந்திரத்தை வேகமாகத்தான் சொல்வார். இருக்கட்டும். கொள்ளுத்தாத்தாவின் பெயர் நினைவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. பெயரே கேட்கப்படாதவர்களுக்கான அந்த ஒரு கை நீரை மட்டும் நிதானமாக விடுங்கள்.