பேசாமையும் பிணக்கும்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடையே பிணக்கு முற்றியமைக்கு அடையாளம் பேச்சு நின்றுபோதலாகும். ‘அவர்களோடு கோபம்’ என்று ஒருவர் கூறுமிடத்து அச்சொல் அக்கணத்துச் சினத்தைக் குறிப்பதில்லை. ஆண்டுக்கணக்காக நீடிக்கும் ஓர் உறவுநிலையைக் குறிக்கின்றது. ஒரே வளவிலிருந்து பிரிந்த இரு வீட்டார், ஒரே கிணற்றில் நீர் அள்ளிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் நோக்காது காலங்கழித்தல் இங்கு எவருக்கும் வியப்பளிப்பதில்லை. இம்மௌனம் அடக்கத்தின் பாற்பட்டதா, அன்றி அன்பின் மறுப்பா என்பது ஆராயத்தக்கது.

ஆறுகளற்ற குடாநாட்டில் கிணறே வாழ்வின் ஆதாரம். பெண்மக்களுக்குச் சீதனமாக வளவு பிரிக்கப்படும்போது நிலம் துண்டுபடும், கிணறு துண்டுபடாது. ஆகவேதான் உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படுகின்றன. உடன்பிறந்தோர் அயலவராகவும் பங்காளராகவும் ஆகிவிடுகின்றனர். முறை தவறி நீர் இறைத்தல், வேலி அடைக்கும்போது ஒரு கதியால் சாணளவு நகர்தல் ஆகிய சிறு நிகழ்ச்சிகளிற் பிணக்குத் தொடங்கும். எனினும் எல்லை பற்றியதாகத் தோன்றும் வழக்கின் உள்ளே, ‘என்னை ஒரு சொல் கேட்கவில்லையே’ என்ற மனக்குறை உறைந்து கிடப்பதுண்டு.

இம்மனக்குறையைத் தேசவழமை ஒருவாறு அறிந்திருந்தது எனலாம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட அவ்வழமை, காணி விற்க முனைபவர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அதனை முன்னரே அறிவித்தல் வேண்டுமென விதித்தது. முதலில் வாங்கும் உரிமை அவர்களுக்கே இருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையைத் தனியாக வகுத்தது. நிலம் அந்நியர் கைக்குப் போகாமற் காத்தலே சட்டத்தின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சொல்லாமல் விற்றல் உறவை அறுக்கும் என்ற அனுபவமும் அதனுட் பொதிந்துள்ளது. அறிவித்தவன் மறுமொழிக்குக் காத்திருக்கவும் வேண்டும் என்பதே அவ்விதியின் சிறப்பு.

தமிழிலக்கணம் இவ்விடயத்தை வேறொரு முகத்தால் நோக்கிற்று. ஊடலைத் தணிப்பதற்குரிய வாயில்களாகத் தோழி முதற் கண்டோர் ஈறாகப் பன்னிருவரைத் தொல்காப்பியக் கற்பியல் குறிப்பிடுகின்றது. அவர்களுள் விருந்தினரும் ஒருவராதல் நயக்கத்தக்கது. விருந்தினர் சமாதானம் பேசுவதில்லை; வந்து அமர்கின்றனர், அவ்வளவே. அவர்களுக்கு இலை போடுவதற்காயினும் கணவனும் மனைவியும் இரண்டொரு சொற் பேசியாக வேண்டும். நேரே பேசவியலாத மனங்களுக்கு மூன்றாமவர் முன்னிலை ஒரு சாக்கினை நல்குகின்றது. இன்றைய உளவளத்துணையாளர் பயிற்சியாற் பெறும் நுட்பத்தை அன்றைய இல்வாழ்க்கை அடுக்களையிலேயே பெற்றிருந்தது!

ஆனால் வாயில் மறுத்தலும் அகப்பாடல்களிற் பெருவழக்கே. பாணன் பலகாலும் மறுக்கப்படுகின்றான். அவன் நாவன்மை குன்றியவன் அல்லன். தலைவன் பரத்தையிடம் சென்றுவரும் ஒழுக்கம் மாறாதிருக்க, இனிய சொல்லை மட்டும் சுமந்து வருவதனாலேயே மறுக்கப்படுகின்றான். சொல்வன்மை பிணக்கைத் தீர்க்கும் என நம்புவோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். திருக்குறளும் தன் இறுதி மூன்று அதிகாரங்களை ஊடலுக்கே ஒதுக்கி, அதனை உணவில் அளவோடு சேரும் உப்புக்கு ஒப்பிடுகின்றது. அளவறிந்த ஊடல் என்பது மறுமொழியை எதிர்பார்த்திருக்கும் மௌனம். குடும்பக் கோபமோ மறுமொழியையே விலக்கிவிட்ட மௌனம். எதிர்த்தரப்பைக் கேளாமல் அளிக்கப்பட்ட தீர்ப்பு.

மௌனம் கைகலப்பையும் நீதிமன்றச் செலவையும் தவிர்க்கின்றது என்று வாதிப்பதற்கு இடமுண்டு. அதில் உண்மையும் இல்லாமலில்லை. ஆயின் அம்மௌனத்தின் சுமை இருசாராரிடத்தும் ஒத்ததாக இருப்பதில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மனைவி தனது அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது கைமாற்றுவதற்குக் கணவனது எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென விதித்தது. அத்தகைய ஏற்பாட்டிற் கணவன் பேசாதிருத்தல் ஒரு மறுப்பாணைக்குச் சமமாகும். மனைவி பேசாதிருத்தலோ வெறும் பிணக்கு. ‘இருவரும் அமைதியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அறிவுரை கூறும் பெரியோர் இவ்வேறுபாட்டை எளிதிற் கடந்துவிடுகின்றனர். செவிசாய்க்கும் கடமை, சம்மதத்தைக் கையில் வைத்திருப்பவருக்கே முதலில் உரியது.

1983இன் பின் நிகழ்ந்த பெரும் புலப்பெயர்வு இப்பிணக்குகளுக்குப் புதிய களங்களை அமைத்துக் கொடுத்துள்ளது. ஒரு கிணற்றின் பங்காளர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். காணி அலுவல் அற்றோணித் தத்துவம் பெற்ற ஒருவரால் நடைபெறுகின்றது. தொலைபேசி எந்நேரமும் கைக்கெட்டிய தூரத்தில் உண்டு; எனினும் விற்பனை முடிந்த பின்னரே அழைப்பு வருவதுண்டு. அவ்வழைப்பிற் குரலும் கனிவும் நலவிசாரணையும் யாவும் உள. கேட்பவர் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கான நாட்கள் மட்டும் கடந்துபோய்விட்டன.

இத்தகைய மௌனம் உடைவது பெரும்பாலும் செத்தவீட்டிலேயே. மங்கல நிகழ்ச்சிக்கு அழைப்பில்லாமற் செல்லாதவர், மரணச் செய்தி கேட்டதும் அழைப்பை எதிர்பாராமற் படலையைத் திறந்துகொண்டு வருவர். கட்டியழுதலும் நிகழும், இருபது ஆண்டுகளாகச் சொல்லப்படாத சொற்கள் ஒப்பாரியின் ஊடே வெளிப்படும். அவற்றைக் கேட்க வேண்டியவரோ நடுவீட்டிற் கிடத்தப்பட்டிருப்பார். அந்தியேட்டி முடிந்ததும் எஞ்சியோரிடையே பழைய கோபம் மீளுதலும் உண்டு. கிணற்றடியில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் வாளியுடன் சற்று விலகி நிற்பார்.