கணக்கெழுதும் அன்பு

தனிக்குடித்தனம் போகும் இளந்தம்பதியர் புது வீட்டில் பால் காய்ச்சியதும், வீடு மந்திரிக்க நம்மை அழைப்பது வழக்கம். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து, அமைதியும் உடல்நலமும் மக்கட்பேறும் வேண்டிச் செபித்துவிட்டு வருகிறோம். வாடகை எவ்வளவு, அதை எந்த வருமானத்திலிருந்து கட்டப் போகிறீர்கள் என்று கேட்பதில்லை. அது உலகக் காரியம், குருவானவர் தலையிடுவது அழகன்று என்பது நம் எண்ணம். அவ்வெண்ணம் தவறு என்பதைச் சற்றுக் காலந்தாழ்த்தியே கற்றுக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாம் பணியாற்றிய பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், திருமணமான மூன்றாம் மாதமே மனைவியுடன் நகரத்திற்குக் குடிபெயர்ந்தார். புறப்படுமுன் ஆசி பெற வந்தபோது, வீட்டுக்கான அட்வான்ஸ் தொகையைக் கடனாக வாங்கியிருப்பதாகத் தயக்கத்துடன் சொன்னார். பறவைகளுக்கு உணவளிக்கும் இறைவன் உங்களைக் கைவிடமாட்டார் என்று சொல்லி, தலைமீது கைவைத்து அனுப்பிவிட்டோம். எட்டாம் மாதம் அவருடைய மனைவி மட்டும் வந்தார். கடன் 60,000 ரூபாய். வட்டி நூற்றுக்கு மூன்று வீதம் மாதம் 1,800 ரூபாய். அந்த 1,800 ரூபாய்க்கு அவர்களுடைய சம்பளத்தில் இடமே இருக்கவில்லை. வாடகை இரண்டு மாதம் பாக்கி. சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. இவற்றையெல்லாம்விட, வட்டி கட்டுவதற்காகக் கணவர் வாங்கிய இரண்டாவது கடனைத் தம்மிடம் மறைத்ததே அப்பெண்ணின் மனத்தை உடைத்திருந்தது. “அவர் பொய் சொல்ற ஆள் இல்ல சாமி, பயந்துதான் சொல்லாம விட்டுட்டார்” என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நம்பிக்கை என்ற பெயரில் அவ்விருவருக்கும் நாம் கொடுத்தது நம்முடைய சோம்பலைத்தான். கால்மணி நேரம் உடனமர்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தால், இன்னும் ஆறு மாதம் பொறுத்துச் செல்லுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

கணக்குப் பார்ப்பது இறைநம்பிக்கைக்கு எதிரானதா? வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் காட்டிப் பேசிய அதே ஆண்டவர், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்றும் கேட்டார். தம்மைப் பின்செல்வதன் விலையை உணர்த்தவே அவ்வுவமையைச் சொன்னார் என்பது உண்மை. ஆயினும், கணக்கிடாமல் அடித்தளம் போட்டுவிட்டு முடிக்க முடியாமல் நிற்பவனை அவர் நம்பிக்கையாளன் என்று பாராட்டவில்லை. மலைப்பொழிவில் அவர் விலக்கியது கவலையை, கணக்கை அன்று. சொல்லப்போனால் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. எண்ணிப் பாராத செலவுதான் இரவில் வந்து கவலையாக அமர்கிறது. தாளில் எழுதப்பட்ட செலவு, எவ்வளவு பெரிதாயினும், அதன் அளவோடு நின்றுவிடுகிறது. வருவாய் சிறிதாயினும், செலவு அதனினும் விரியாதவரை கேடில்லை என்று வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்துச் சொன்னதும் இதுபற்றியே. தன் வலிமையின் அளவை அறிவது ஒருவகைத் தாழ்ச்சி; அது ஒரு புண்ணியமே.

எனவே, இப்பொழுதெல்லாம் ஓலை எழுத வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, மாதக் கணக்கை இருவரும் சேர்ந்து எழுதச் சொல்கிறோம். அவர்கள் எதை மறக்கிறார்கள் என்பது நமக்குப் பாடமாகிவிட்டது. வாடகையை எழுதுவார்கள், அட்வான்ஸையும் வண்டி வைத்துச் சாமான் ஏற்றும் கூலியையும் மறப்பார்கள். கையில் வரும் சம்பளத்தை விட்டு, பிடித்தம் போகுமுன் உள்ள தொகையை எழுதுவார்கள். ஓவர்டைம் எல்லா மாதமும் கிடைக்கும் என்று கொள்வார்கள். பாலும் வாடகையும் மாதந்தோறும் வரும். மின்கட்டணமோ நம் மாநிலத்தில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. வராத மாதத்தில் அதன் பாதியை எடுத்து வைக்காதவர்களுக்கு, வருகிற மாதம் இடியாக இருக்கும். சிலிண்டர் தீரும் நாளும் காய்ச்சல் வரும் நாளும் முன்னறிவிப்புத் தருவதில்லை.

இவர்களுக்கு நாம் சொல்லும் எளிய வழி ஒன்றுண்டு. பெற்றோர் வீட்டில் இருக்கும்போதே, புது வீட்டுக்கு ஆகும் வாடகையை மூன்று மாதம் தவறாமல் தனியே எடுத்து வையுங்கள். முடிந்தால் அட்வான்ஸில் ஒரு பகுதி சேர்ந்துவிடும். முடியாவிட்டால், கடன்படாமலே உண்மை தெரிந்துவிடும்.

இவ்வாறு எழுதிய தாள் ஒன்றினால் நமக்கே ஒரு சோதனை வந்தது. நகரத்தில் வேலை பார்க்கும் மகன் எழுதி வைத்த கணக்கைப் பார்த்துவிட்டு, கைம்பெண்ணான தாய் ஒருவர் கண்ணீரோடு வந்தார். “பால் கணக்கோட என் பேரையும் சேர்த்து எழுதிட்டான் சாமி” என்றார். அந்தத் தாளை நாமும் பார்த்தோம். சம்பளம் 24,000. வாடகை 8,000, மளிகையும் காய்கறியும் 6,000, பால் 1,500, அதன் கீழே ‘அம்மா 2,000’ என்று இருந்தது. முதலில் தாயின் பக்கமே நம் மனம் சாய்ந்தது. பெற்றவளைப் பற்றுவரவுக் கணக்கில் ஒரு வரியாக்குவதா என்று மகனிடம் கடிந்தே கேட்டோம். அவர் தலைகுனிந்தபடி சொன்னார்: “மிச்சம் இருந்தா குடுக்கலாம்னு வச்சா, மிச்சமே இருக்காது சாமி. அதனாலதான் முதல்லயே எழுதினேன்.”

அவ்விளைஞரின் சொல் நம் இறையியலைத் திருத்தியது. தந்தை தாய்க்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கு நேர்ந்தது, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு நற்செய்தியில் படிக்கிறோம். அவர்கள் பெற்றோரை வெறுத்தவர்கள் அல்லர். வாயால் போற்றியும் இருப்பார்கள். ஆனால் அந்த அன்புக்கு அவர்களுடைய கணக்கில் வரி இல்லை. மனிதன் தாய் தந்தையை விட்டுத் தன் மனைவியோடு ஒன்றித்திருப்பான் என்கிறது தொடக்கநூல். தாய் தந்தையைப் போற்று என்கிறது கட்டளை. இவ்விரண்டையும் ஒரே சம்பளத்தில் நிறைவேற்ற வேண்டியவனுக்குக் கணக்குத்தாள் ஓர் அறநூல். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் நாம் கடமைப்பட்ட ஒரு மனிதரின் பெயர். வாடகை வரிக்குப் பின்னே, அதை நம்பி வாழும் முதிய வீட்டுக்காரர் இருக்கலாம். பால் வரிக்குப் பின்னே விடியுமுன் எழுகிற ஒருவர் இருக்கிறார். அவர்களோடு ஒன்றாக எழுதப்படுவது அந்தத் தாய்க்கு இழிவன்று. இதை அவரிடம் விளக்கினோம். அவர் முழுவதும் தேறினார் என்று சொல்லமாட்டோம். “என்னமோ சாமி, எழுதாம குடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்று சொல்லிப் போனார். அதிலும் ஓர் உண்மை உண்டு. ஆகவே மகனிடம், பணத்தை அனுப்புவதோடு நில்லாமல், அதைக் கையில் கொடுக்க மாதம் ஒருமுறை நேரில் வாருங்கள் என்றோம். அதற்கான பேருந்துக் கட்டணத்தையும் அவர் தாளில் எழுதிக்கொண்டார்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் கூட்டுத்தொகை அடங்காத குடும்பங்கள் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிக்கனம் போதிப்பது பாவம். திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில், உழைப்பாளி தன் மனைவி மக்களைக் காக்கப் போதுமான ஊதியம் பெறும்போதே சேமிப்பது அவனுக்கு எளிதாகும் என்று கற்பித்தார். முதலில் நீதி, பிறகே சிக்கனம். நம் வாசகர்களில் முதலாளிகளும் உண்டு, வீட்டுச் சொந்தக்காரர்களும் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். ஒப்பந்தம் என்ற வாசல் வழியே பத்து மாத முன்பணம் கேட்பவர் சட்டத்திற்குத் தப்பலாம். மின்வாரியம் கேட்பதைவிடக் கூடுதலாக யூனிட்டுக்கு விலை வைத்துக் குடியிருப்போரிடம் வாங்குபவரும், ஞாயிறு திருப்பலியில் அவர்களுக்குப் பக்கத்திலேயே முழந்தாளிடலாம். அவர்களும் ஒரு தாள் எடுத்து எழுதிப் பார்க்கட்டும்.

வாடகை கொடுத்து அறியாத நாம் இதைப் பேசத் தகுதியுண்டா என்று கேட்கலாம். உண்மைதான், நாம் தங்கும் பங்கு இல்லம் இறைமக்களின் காணிக்கையால் நிற்பது. அதனால்தான், கணக்கு எழுத வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்குச் சிறிதும் இல்லை.

வீடு மந்திரிக்க நம்மை இப்போதும் அழைக்கிறார்கள். செபம் முடிந்ததும் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, அந்தத் தாள் எங்கே என்று கேட்கிறோம். தயங்காமல் இருவரும் சேர்ந்து எடுத்து வருகிற வீட்டில், நமக்கு மனம் நிறைகிறது.