'இனி இல்லை' என்னும் சொல்

ஓர் உயிரினத்தின் மரணத்தை அறிவிக்கும் உரிமை யாருக்கு உண்டு? மனிதர் இறந்தால் மருத்துவர் நாடி பார்த்துச் சொல்கிறார். ஓர் இனமே மறைந்தால் நாடி பார்க்க உடல் இருப்பதில்லை. காட்டின் மௌனமே சான்று. அந்த மௌனத்தை எத்தனை ஆண்டுகள் கேட்டபின் 'இனி இல்லை' எனலாம்? இவ்வினா அறிவியலுக்கு மட்டும் உரியதன்று, அறத்திற்கும் உரியது.

ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் கவாய் என்றொரு தீவு. அங்கே ஓஓ என்னும் சிறு பறவை வாழ்ந்தது. கரிய உடலும் குழலோசை போன்ற குரலும் கொண்டது. ஏறத்தாழ 1826இல் கப்பல் வழியே அத்தீவுகளுக்கு வந்த கொசு, பின்னர்ப் பறவை மலேரியாவைப் பரப்பியது. எலிகள் கூடுகளைச் சூறையாடின. தாழ்நிலக் காடுகள் அழிந்தன. எஞ்சிய பறவைகள் குளிர் மிகுந்த அலக்காய் சதுப்புக் காட்டில் ஒதுங்கின. 1982 நவம்பரில் வீசிய 'இவா' சூறாவளிக்குப் பின் கடைசிப் பெண்பறவையைக் காணவில்லை. 1987க்குப் பின் ஆண்பறவையின் குரலும் கேட்கவில்லை.

அமெரிக்க அரசு 1967லேயே இதனை அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆக, பெயர் பட்டியலில் ஏறிய பின்னும் இருபது ஆண்டுகள் அப்பறவை பாடிக்கொண்டிருந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2000இல் இதனை அற்றுப்போன இனம் என்றது. அமெரிக்கப் பட்டியலிலிருந்து 2023இல்தான் இதன் பெயர் நீங்கியது. அன்று நீக்கப்பட்ட இனங்கள் 21.

ஏன் இத்தனை தயக்கம்? காரணம் உண்டு. பிலிப்பைன்சின் செபு தீவில் காடு பெரிதும் அழிந்ததால், அங்கு வாழ்ந்த பூக்கொத்திப் பறவையும் அழிந்ததென்றே நம்பினர். 1992இல் அது மீண்டும் காணப்பட்டது. இறந்ததென்று நாம் கருதும் உயிருக்காக எவரும் காடு காக்க மாட்டார். அவசரமாகச் சொல்லப்படும் மரணச் செய்தியே மரணத்திற்குக் காரணமாகிவிடலாம்.

அப்படியெனில் என்றுமே அறிவிக்காமல் இருக்கலாமா? அதுவும் நேர்மையாகாது. இல்லாத உயிரைக் காப்பதாகப் பட்டியலில் எழுதி வைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். குறைந்த பொருளும் உழைப்பும் உயிரோடு இருப்பவற்றைச் சேர வேண்டும். எனவே பெயரை நீக்கியது முறையே. ஆனால் பெயர் நீங்கியதால் கடன் தீர்ந்ததாகாது. பட்டியல் காவலன் அன்று, சாட்சி. 'ஆபத்தை அறிந்திருந்தீர்கள்' என்று அது நமக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அறியாமல் இழந்தவன் வருந்தினால் போதும். அறிந்தும் இழந்தவன் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதில் சொல்லில் இல்லை, செயலில் இருக்கிறது. அதே கவாய் தீவின் அகிகிகி என்னும் பறவை இன்று காட்டிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. அதே தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த மாவியின் மலைக்காடுகளில் 2023 முதல் ஒரு முயற்சி நடந்து வருகிறது. ஒருவகை நுண்ணுயிரியைத் தாங்கிய ஆண்கொசுக்களைப் பறக்கவிடுகின்றனர். அவற்றோடு கூடும் பெண்கொசுக்களின் முட்டைகள் பொரிப்பதில்லை; நோய் பரப்பும் கொசு குறையும் என்பது நம்பிக்கை. இது வெல்லுமா என்பதை ஆண்டுகளே சொல்லும்.

ஓஓவின் குரல் ஒலிப்பதிவாக எஞ்சியுள்ளது. அதைக் கேட்டுக் கண்ணீர் விடுவது எளிது. இன்னும் பாடிக்கொண்டிருக்கும் பறவையின் குரலுக்குச் செவி கொடுப்பதே கடினம்; கடமையும் அதுவே.