கண்ணாடியில் விழுந்த நிழல்



நான் சொல்லப்போகிறவர் இங்கே நம்மிடையேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். சனாயா தொழிற்பேட்டையில் அலுமினிய ஜன்னல் சட்டம் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. லாரி ஏறும் முன் ஒவ்வொரு சட்டத்தையும் கடைசியாக அளந்து பார்ப்பவர் அவர்தான். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஸ்கிராப். வெள்ளிக்கிழமை ஆனால் பழைய கேமரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசித் சதுப்புநிலத்துக்குப் பூநாரை பார்க்கப் போய்விடுவார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல, பயப்படாதீர்கள். பூசை முடிந்து டீ குடிக்கையில் சொன்னது: "ரெண்டு வருஷமா எடுக்கிறேன் ஃபாதர், கையில ஒரு படம்கூட இல்ல." பறவையின் கண்ணில் ஃபோகஸ் இல்லையா, டிலீட். இறக்கை நுனி வெட்டுப்பட்டதா, டிலீட். பார்வையாளர் கூடத்துக் கண்ணாடியில் தன் நிழல் விழுந்துவிட்டதா, அதுவும் டிலீட். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில் அம்மா "ஒரு போட்டோ அனுப்புய்யா" என்று கேட்டபடியே இருக்கிறார். நல்லதாக ஒன்று அமையட்டும் என்று இவரும் தள்ளிப்போட்டபடியே இருக்கிறார்.

இன்று வாசிக்கக் கேட்ட மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், தந்தையைப் போல நிறைவுள்ளவர்களாக இருக்கச் சொல்கிறார் இயேசு. நம் காதில் அது 'ஒரு பிழையும் இருக்கக் கூடாது' என்று விழுகிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'தெலேயோஸ்'. முதிர்ந்தது, தன் இலக்கை எட்டியது என்று பொருள். அதற்குச் சற்று முன்னால் ஆண்டவர் காட்டும் உதாரணம் என்ன? சூரியன். நல்லவர் கெட்டவர் என்று பாராமல் உதிக்கிற சூரியன். ஒளிக்காக விடியற்காலையில் காத்துக் கிடப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே புழுதிக்குள் எழும் அதே வெயில்தான் புதுக் காரிலும், தண்ணீர் டேங்கரிலும், ஸ்கிராப் குவியலிலும் விழுகிறது. தந்தையின் நிறைவு யாரையும் விட்டுவிடாத நிறைவு. நாமோ ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து அதை எட்டப் பார்க்கிறோம்.

வேலையில் கறார் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபதாம் மாடியில் ஜன்னல் கழன்று விழக் கூடாது. அந்த அளவுகோலை வெள்ளிக்கிழமையும் பையில் போட்டுக்கொண்டு போவதுதான் சிக்கல்.

நம்மூரில் மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். கடையில் கிடைத்த கேமரா போதாமல், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். அவ்வளவு பிடிவாதம்! ஆனால் அதே மனிதர் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை, பதினைந்து நாளுக்கு ஒரு கட்டுரை எழுதினார். 46 ஆண்டுகள்! கெடு வந்தால் கையை விட்டு அனுப்பித்தானே ஆக வேண்டும்? அந்தக் கெடு அவருக்குக் கிடைத்த ஓர் அருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறையோடு தொடங்கியதற்கு அந்த வாசித் சதுப்புநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம் அது. சீராக்கி, மரம் நட்டு, 2015இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பூநாரைகள் தரச் சான்றிதழ் பார்த்தா வந்து இறங்குகின்றன?

போன வாரம் அவரிடம், டிலீட் பண்ணுமுன் ஒன்றை அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். கண்ணாடியில் தன் நிழல் விழுந்த படத்தை அரைமனதாக அனுப்பியிருக்கிறார். பத்து நிமிடத்தில் அம்மாவின் குரல் வந்திருக்கிறது:

"பறவ கெடக்கட்டும்ல. கண்ணாடில நிக்கது நீதான? ஏன்ய்யா இப்படி மெலிஞ்சு போயிருக்க?"