குலுக்கலில் விழும் வீடு

மும்பையில் பரேல், லால்பாக் பக்கத்துக்கு மராத்தியில் 'கிரண்காவ்' என்று பெயர். மில் ஊர். பத்துக்குப் பத்து அறையில் ஷிஃப்ட் போட்டுத் தூங்கிய ஊர். ஒருவர் மில்லுக்குப் போனால் அவர் பாயில் இன்னொருவர். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல மில்கள் அப்புறம் திறக்கவே இல்லை. ஆனால் இடம் இருந்ததே, சுமார் 600 ஏக்கர்! தறியைவிடத் தரைக்கு மவுசு வந்தது. இன்று அங்கே மால்கள், கோடிகளில் ஃப்ளாட்டுகள். ஒன்றிரண்டு புகைபோக்கிகளை மட்டும் அழகுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.

'உழைத்தார்கள், கூலி வாங்கினார்கள். நிலத்தில் என்ன பங்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மனை விலை ஏறியதற்கு முதலாளி மட்டும் என்ன செய்தார், மில்லை மூடியதைத் தவிர? ஊர் வளர்ந்தது, விலை ஏறியது. அந்த ஊரில் இவர்களும் சேர்த்திதானே சார்?

1991-ல் வந்த விதி கிட்டத்தட்ட இதை ஒப்புக்கொண்டது. மில் இடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, ஒரு பங்கு வீட்டு வாரியத்துக்கு, மீதிதான் உரிமையாளருக்கு. 2001-ல் ஒரு திருத்தம்: ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் இடத்தில் மட்டும்தான் பங்கு. மில்லில் காலியிடம் எவ்வளவு இருக்கும்? 2006-ல் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றது. சட்டப்படி சரி.

தொழிலாளர்களுக்கு வீட்டு வாரியம் குலுக்கல் நடத்துகிறது. 2012-ல் சுமார் 7,000 வீடுகள். மனுப் போட்டவர்களோ லட்சத்துக்கும் மேல். சீட்டு விழுந்தவர் 'அதிர்ஷ்டசாலி'யாம்! கொடுக்கவேண்டிய பாக்கியைப் பரிசு என்று கொடுப்பது எந்த ஊர் வழக்கம்? காத்திருந்தே போய்ச் சேர்ந்தவர்களுக்குப் பதிலாக, இப்போது வாரிசுகள் வரிசையில் நிற்கிறார்கள்.